மூன்று பேருக்கு ஒரு தட்டு

சில சனிக்கிழமை இரவுகளில் பீளமேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானாகிவிடும். சாம்பார் கிண்ணங்களை எடுத்துவிட்டுப் பழைய பச்சைப் போர்வையை விரிப்போம். அதன்மேல் தெர்மாகோலில் செய்த குன்று, ஐஸ் குச்சிகளால் ஆன பாலம், கட்டைவிரல் உயரத்தில் சாமுராய்கள். விளையாட்டின் பெயர் டெஸ்ட் ஆஃப் ஹானர். 2017இல் இங்கிலாந்தின் வார்லார்ட் கேம்ஸ் வெளியிட்டது. லண்டனிலிருந்து திரும்பிய நண்பன் ஒருவன் கொண்டுவந்த பெட்டியில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இந்த மாதிரி விளையாட்டுகளில் முதல் பெட்டி வெறும் வாசல்தான். அதற்குப் பிறகு எக்ஸ்பான்ஷன் பெட்டிகள் வரும். குதிரைமேல் அமர்ந்த சாமுராய்களுக்கு ஒன்று, போர்த்துறவிகளுக்கு ஒன்று, நல்ல கவசம்கூட இல்லாத ஏழைப் படையாட்களுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் வரும்போது அதுவரை முழுமையாக இருந்த மேசையில் ஏதோ குறைவதாகத் தோன்றும். வாங்குவோம். பொம்மைகளை ஒட்டி, பொடி பிரஷ்ஷால் வண்ணம் தீட்டுவோம். ஒரு சாமுராயின் கவசத்துக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆகும். ஈட்டிக்காரர்களுக்கு மொத்தமாக ஒரே பழுப்பு.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயது. மேசையைச் சுற்றி வந்தவன் ஈட்டிக்காரர்கள் முன்னால் நின்றுவிட்டான்.

"ஏனுங் மாமா, இவிங்க மூணு பேரும் மட்டும் ஒரே தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கறாங்க?"

"அவிங்க சாதா ஆளுக கண்ணு. மூணு பேரும் சேந்துதான் நகருவாங்க."

"ஒருத்தன் மட்டும் தனியாப் போகோணும்னா?"

"போக முடியாது. ரூல்ஸ் அப்படி."

"அவன் பேரு என்ன?"

சாமுராய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தேன். அவர்களுக்குத் தனித் தட்டு, தனி அட்டை, தனித் திறமைகள். ஈட்டிக்காரனுக்கு வைக்கவில்லை. வைக்கத் தோன்றவே இல்லை.

"விளையாட்டுதானே" என்று இதைத் தாண்டிப் போகலாம். சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பெயர் உண்டா? எந்த விளையாட்டும் உலகைச் சுருக்கித்தான் காட்டும். ஆனால் எதைச் சுருக்குவது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவு நமக்கு உறுத்தவில்லை என்றால், அதை நாம் வேறெங்கோ முன்பே பழகியிருக்கிறோம் என்று பொருள். சிறுவனுக்கு உறுத்தியது, எனக்கு உறுத்தவில்லை. அந்த வித்தியாசம்தான் என்னை உட்கார வைத்தது.

அந்த ஈட்டிக்காரர்களின் வரலாற்றுப் பெயர் அஷிகாரு. பெரும்பாலும் வயலிலிருந்து வந்தவர்கள். 1575இல் நாகாஷினோ போரில் ஓடா நொபுனாகாவின் வெற்றிக்குத் துப்பாக்கி ஏந்திய அஷிகாருகள் முக்கியக் காரணம். அந்த நொபுனாகாவிடம் எளிய வேலைக்காரனாகச் சேர்ந்து, அவருக்குப் பிறகு ஜப்பானையே ஆண்டவர் டொயோடொமி ஹிதேயோஷி. குடியானவக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் மேசைக் கணக்கில் சொன்னால் மூன்று பேர் தட்டிலிருந்து தன்னைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தவர்.

வந்தவர் என்ன செய்தார்? 1588இல் குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். 1591இல் போர்வீரன் குடியானவனாகவோ, குடியானவன் வணிகனாகவோ மாறக்கூடாது என்று இன்னோர் ஆணை. தான் ஏறி வந்த ஏணியைத் தானே மேலே இழுத்துக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட முடியாது. நூறாண்டுக்கு மேல் நீண்ட உள்நாட்டுப் போரை நிறுத்த அவருக்கு அது வழியாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஒருவன் மேலே வந்துவிடுவதால் விதி மாறிவிடுவதில்லை.

இதற்கு ஜப்பான் வரை போகவேண்டியதில்லை. நான் வளர்ந்தது காங்கேயம் பக்கம். எங்கள் சாமுராய்கள் பொன்னரும் சங்கரும். மாசி மாதத்தில் மணப்பாறை அருகே வீரப்பூரில் அவர்களுக்குப் பெருந்திருவிழா நடக்கும். கொங்கு நாடெங்கும் அண்ணன்மார் கோயில்கள் உண்டு. உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடும் கதை அது. 1960களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அந்தப் பாட்டை நாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அது 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் ஆனது. 2011இல் சினிமாவாகவும் வந்தது. போரின் முடிவில் தன் காலம் வந்துவிட்டது என்று உணர்ந்து சங்கர் தன் வாள்மேலேயே விழுந்து உயிர்விடுகிறான். பொன்னரும் அப்படியே. செப்புக்குவைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. சின்ன வயதில் அந்தப் படுகளத்தைப் பாட்டில் கேட்டு அழுதிருக்கிறேன்.

அந்தக் கதையில் சாம்புவன் என்றொருவன் உண்டு. அண்ணன்மாரின் துணைவன், முரசு அடிப்பவன், அவர்களுக்கு முன்னால் நடப்பவன். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவன் என்பது மரபு. சங்கரோடு காட்டுக்குப் போகிறவன் அவன். ஆனால் தங்கை தங்காள் படுகளத்தைத் தேடி வந்து அழும் ஒப்பாரி அண்ணன்களுக்கு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நம் மரபு சாம்புவனை விட்டுவிடவில்லை. அவனுக்குப் பெயர் உண்டு, சிலை உண்டு, கும்பிடு உண்டு. வாய்மொழிக் கதை என்பதே எக்ஸ்பான்ஷன் பெட்டிகளின் வரிசைதான். ஒவ்வொரு ஊரும், ஒவ்வொரு பாடகரும் ஓர் ஆளைச் சேர்க்கிறார்கள். பன்றி வேட்டைக்கு ஒரு பொடி நாய்கூட வந்து சேர்ந்துகொள்கிறது. சேர்த்துக்கொள்வது நம் மரபின் பெருங்குணம்.

ஆனால் சேர்த்துக்கொள்வது வேறு, விதியை மாற்றுவது வேறு. என் தொழிலில் இது தினமும் பார்ப்பது. ஒரு மென்பொருளுக்கு எத்தனை ப்ளக்-இன் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ப்ளக்-இன் மையத்தைத் தொட முடியாது. மையம் அனுமதிக்கும் இடத்தில் செருகிக்கொள்ளத்தான் முடியும். ஏழைப் படையாட்களின் பெட்டியை வாங்கியதும் என் மேசையில் ஏழைகள் கூடினார்கள். யார் கணக்கில் வருவார்கள் என்ற விதி முதல் பெட்டியிலேயே இருந்தது, அப்படியே இருந்தது.

அலுவலகத்தில் நானே அந்த விதியை எழுதியிருக்கிறேன். திட்ட அட்டவணையில் என் பெயருக்கு ஒரு வரி, கூட்டாளியின் பெயருக்கு ஒரு வரி, அதற்குக் கீழே "டெஸ்டிங்: 3 ரிசோர்ஸ்". அடுத்த காலாண்டில் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வரியை அழித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் கெடவில்லை. மூன்று பேர் ஒரே தட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். தனித்தனி வரியாக, பெயரோடு எழுதியிருந்தால் என் கை அத்தனை வேகமாக அந்த பட்டனுக்குப் போயிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அழித்திருப்பேன். ஆனால் அழிக்கிறேன் என்று தெரிந்து அழித்திருப்பேன்.

மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் அக்கா மகன் ஓர் ஈட்டிக்காரனை பிளேடால் பெயர்த்தெடுத்து ஒரு ரூபாய் நாணயத்தில் ஒட்டிவிட்டான். பெயர் முருகேசு. அன்று மாலை விளையாடினோம். பாலத்துக்கு அப்பால் என் வில்லாளிகள். அவன் ஆட்களில் யாராவது முன்னே போய் அம்புகளை வாங்கிக்கொண்டால் அவனுடைய சாமுராய் பக்கவாட்டில் புகுந்துவிடலாம். அந்த உத்தியை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"முருகேச அனுப்புடா."

"முருகேசு போகமாட்டான் மாமா."

"அப்ப நீ தோத்துப்போவ."

"பரவால்லீங்."

தோற்றான். அவன் செய்தது நல்ல விளையாட்டு அல்ல. எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டால் ஒரு போர்கூட நடக்காது, சில அலுவலகங்களும் நடக்காது. யாரையும் இழக்காமல் எதுவும் நடக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முன்னால் அனுப்பும்போது யாரை அனுப்புகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே. அனுப்பியபின் வரும் பாரத்தைச் சுமக்க முடியவில்லை என்றால் அனுப்பக்கூடாது. அதைத் தவிர்ப்பதற்காகத்தான் மூன்று பேருக்கு ஒரே தட்டு செய்துகொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

அன்றிரவு ஊர்க்கோயில் நினைவு வந்தது. சின்ன வயதில் ஒவ்வொரு நோன்பியிலும் கோயில் வாசலுக்கு வெளியே நின்று ஒருவர் கொட்டடிப்பார். அவர் அடி விழுந்தால்தான் சாமி வரும். ஹிதேயோஷியின் படைத்தலைவர்களில் ஏழெட்டுப் பேரை என்னால் சொல்லமுடியும். இவர் பெயர் தெரியாது. அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன்.

"பேரா? கொட்டடிக்கறவருன்னுதான சொல்லுவோம்" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எத்தன வருசம் வந்தாரு..." என்றாள்.

மூன்று நாள் கழித்து அவளே அழைத்துப் பெயரைச் சொன்னாள். யார் யாரிடமோ விசாரித்திருக்கிறாள். அவர் இறந்து பல வருடம் ஆகிறது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். அந்தப் பெயரை இங்கே எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுதும் முன் அந்த மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியது. இன்னும் கேட்கவில்லை.