கேஸ் ஷீட்டில் ஒரு வரி

குழந்தை காது மிஷினை நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் போட்டிருந்தது என்பதை இப்போதெல்லாம் மிஷினே பதிந்து வைத்துக்கொள்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். கணினியில் மூன்று மணி என்று வருகிறது. ஆடியாலஜி முதுகலை படிக்கும் மாணவர் ‘பெற்றோர் ஒத்துழைப்பு போதாது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடலாம்தான். ஆனால் வந்திருப்பது மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் பிள்ளை என்றால், அந்த வரியை எழுதுமுன் அவர் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

உப்பளத்தில் வெயிலுக்கு முந்திக்கொண்டு இருட்டோடு இறங்கிவிடுவார்கள். காலையில் மிஷினை மாட்டி, ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டிய தாய் அந்நேரம் பாத்தியில் நிற்பாள். மிஷினுக்கும் அந்தக் காற்று ஆகாது. உப்பும் ஈரமும் பேட்டரி தொடும் தகட்டை அரித்துவிடும். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு உலர்த்தியாக வேண்டும். பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்துவிட்டால், மிஷினை அணைத்து வைத்தாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளை வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்டு தளர்ந்து விசிலடிக்கும். புதிதாக அச்செடுக்கப் புதுச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரிக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. சீசனில் கூலி உண்டு, பொழுது இல்லை. மழை மாதங்களில் பொழுது உண்டு, காசு இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசிக்கே சரியாகிவிடும்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட்டே இலவசமாகக் கிடைக்கிறதே, இதைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும். கேட்டுப் பழகுவது வருஷக்கணக்கில் தினமும் நடக்க வேண்டியது. வீட்டில் நடக்க வேண்டிய அந்தத் தினசரிப் பழக்கத்தை இலவசம் பார்த்துக்கொள்வதில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: காரணம் எதுவானாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தானே, மொழி படியும் வயது யாருக்காகவும் நிற்காதே என்பது. உண்மைதான். அதனால்தான் பழியெழுதும் வரி உதவாது என்கிறேன். அந்த வரியால் மூன்று மணி நான்காகப் போவதில்லை. பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பாட்டிக்கோ அங்கன்வாடி டீச்சருக்கோ ஆறு ஒலிகளையும் டப்பாவையும் பழக்கினால் கூடும். (கூடவே சைகையும் கற்றுக்கொள்ளட்டும், பேச்சு வராமல் போய்விடும் என்று பயந்து அதைத் தள்ளிவைப்பது எனக்கு உடன்பாடில்லை.)

காது நோய் வரலாறு கேட்கும் படிவத்திலேயே சீசன் எப்போது, பகலில் யார் துணை என்று இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம். அடுத்தடுத்து வர வேண்டிய பயிற்சிகளை அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பஸ் செலவுக்கு மட்டும் மாணவரிடம் வழி இல்லை. துறைத் தலைவரிடம் அதை எழுதிக் கேட்க அவரால் முடியும்.