திரும்பும் படகு

ஒரு தீவை அழகாக்குவது எது? கடலும் மணலும்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். கல்யாணமான கையோடு நானும் மனைவியும் ரெடாங் தீவு ரிசோர்ட்டுக்குப் போனோம். முதல் இரண்டு நாளும் கடல், சாப்பாடு, தூக்கம். மூன்றாம் நாள் பேச்சு பீடோங் பக்கம் போனது.

அதுவும் அதே திரெங்கானு கடலில் இருக்கும் தீவுதான். 1978 முதல் 1991 வரை வியட்நாமிய அகதிகளின் முகாம். ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டரில் 1979-இல் 40,000 பேர் வரை நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கும் அதே நீலம், அதே தென்னை. அங்கும் புதுசாகக் கல்யாணமானவர்கள் இருந்திருப்பார்கள். ஏதோ ஒரு நாடு கூப்பிடும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை படகு.

“அதுக்காக நாம சந்தோஷமா இருக்கக் கூடாதா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. நான் முகத்தைத் தொங்கப்போட்டால் யாருடைய துயரமும் குறையப்போவதில்லை.

ஆனால் சந்தோஷம் எதன்மேல் நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நினைத்த நாளில் கிளம்பலாம் என்ற உறுதிதான் எங்களுக்கு அந்தக் கடலை அழகாக்கியது. 2020-இல் இன்னொரு சுற்றுலாத் தீவான லங்காவி அருகே ரோஹிங்கியாக்களின் படகு வந்தது. அந்த மாதங்களில் நம் ஆட்களே ஃபேஸ்புக்கில், “இங்க ஏன் வர்றாங்க?” என்று எழுதினார்கள். திரும்பிப் போகப் படகு இருப்பவர்களுக்கு மட்டுமே அவ்வளவு சுலபமாக வரும் கேள்வி அது.