தொண்டும் சான்றிதழும்

மாணவப் பருவத்தில் ஒரு பிள்ளை தொண்டு செய்யப் புகுவது எதனால்? பயன் கருதிப் புகுந்தால் அது தொண்டாகுமா? இவ்வினா பழையது. எனினும் நம் இல்லங்களில் அது இன்று வேறு உருவில் எழுகின்றது. "நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரட்டுமா?" என்று மகனோ மகளோ கேட்கும்பொழுது, "அதனால் என்ன கிடைக்கும்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். கிடைப்பது ஒரு சான்றிதழ் என்று தெரிந்தால், "அதற்காக ஏழு நாள் முகாமா? அந்த நேரத்தில் படிக்கலாமே" என்கின்றனர் சிலர். வேறு சிலரோ, "சான்றிதழுக்காகச் செய்வதெல்லாம் ஒரு தொண்டா?" என்று ஒதுக்கிவிடுகின்றனர். முன்னவர் பயன் போதாது என்கின்றார். பின்னவர் பயனே கூடாது என்கின்றார். இவ்விரு கூற்றையும் நம் அறநெறியின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

இவ்வினாவோடு நம் நாட்டு அரசும் இருபது ஆண்டுகள் போராடியிருக்கின்றது. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தொண்டு விருப்பத்தின்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959-இல் அமைந்த சி.டி. தேசுமுக் குழு, பட்டப் படிப்புக்கு முன் ஒவ்வொரு மாணவரும் சில மாதங்கள் கட்டாயமாகத் தொண்டாற்ற வேண்டும் என்று கருதியது. பின்னர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் வழக்கங்களை ஆராய்ந்து, விருப்பத் தொண்டே தக்கது என்றார். முடிவில், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைத்து, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கு கொண்டால் சான்றிதழ் பெறுவர். 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் பொருள்பட அமைந்தது அத்திட்டத்தின் குறிக்கோள். ஒரு கையில் 'உனக்காக' என்னும் குறிக்கோள். மறு கையில் 'எனக்காக' ஒரு சான்றிதழ். இம்முரண்பாடு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

மாணவர் ஏன் சேர்கின்றனர் என்பதை அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். 1998-இல் கிளாரி, சுனைடர் முதலிய அமெரிக்க உளவியலார் தன்னார்வத் தொண்டரின் நோக்கங்களை ஆறாக வகுத்தனர். பிறர்பால் கொண்ட பரிவு, புதியன அறியும் ஆவல், நண்பரும் உற்றாரும் மதிப்பர் என்னும் எண்ணம், தொழில் முன்னேற்றம், தன்மதிப்பு உயர்தல், மனத்துயரை மறத்தல் என்பன அவை. ஒருவர் உள்ளத்திலேயே இவற்றுள் பல ஒருங்கே குடியிருக்கும். ஆசிரியப் பணியில் யாம் கண்டதும் அதுவே. தோழி சேர்ந்தாள் என்று சேர்ந்தவர் உண்டு. வீட்டு வேலையிலிருந்து ஏழு நாள் விடுதலை என்று சேர்ந்தவர் உண்டு. வெளியூரில் இரவு தங்க வாழ்நாளில் வாய்த்த ஒரே வாய்ப்பு என்று சேர்ந்த பெண்களும் உண்டு.

இனி, எம் பிழை ஒன்றைக் கூறுதல் வேண்டும்.

1993-ஆம் ஆண்டு. திருவள்ளூர் தனி மாவட்டமாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் யாம் பணியாற்றினோம். நலப்பணித் திட்டப் பொறுப்பும் எம்மிடம் இருந்தது. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் முகாம் நடத்த ஏற்பாடாயிற்று. மாணவியரைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, "ஏன் சேர விரும்புகின்றாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். ஒருத்தி, ஏழைகளுக்கு உழைப்பதே தன் இலட்சியம் என்று தடையின்றிக் கூறினாள். அடுத்து வந்தவள், "சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா டீச்சர்? நர்சிங் சேரும்போது காட்டலாம்னு அக்கா சொன்னாங்க" என்றாள். முன்னவள் பெயரை முதலில் எழுதினோம். பின்னவள் பெயரை அடித்துவிட்டோம்.

முகாமுக்கு முந்தைய நாள் ஒரு மாணவியின் தந்தையார் இரவு தங்க இசைவு தர மறுத்துவிட்டார். எண்ணிக்கை குறையலாகாதே என்பதற்காக, அடித்த பெயரை மீண்டும் எழுதினோம்.

ஐப்பசி மழைக்கு முன் ஏரியின் வரத்துக்காலைத் துப்புரவு செய்வது காலை நேரப் பணி. வேலிகாத்தான் மண்டித் தூர்ந்து கிடந்த கால்வாய் அது. பிற்பகலில் வீடு வீடாகச் சென்று குடிநீர், கழிப்பிடம், படிப்பு ஆகியவை பற்றிக் கணக்கெடுத்தனர். அவ்வாறு சென்றபொழுதுதான் ஏரிக்கரையோரம் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரை அப்பெண் கண்டாள். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தர எவரும் இல்லாமல் அவர் நெடுநாள் காத்திருந்தார். இவள் எழுதினாள், கைந்நாட்டு வாங்கினாள், உரிய அலுவலகத்தில் சேர்ப்பித்தாள். முகாம் முடிந்தது. மணிக் கணக்கும் நிறைவெய்திற்று. ஆயினும் ஞாயிறுதோறும் அவள் அவ்வூருக்குச் சென்று வருவதாகக் கேள்வியுற்றோம்.

"சான்றிதழ்தான் உறுதியாகிவிட்டதே, இன்னும் ஏன் போகிறாய்?" என்று வினவினோம். அவளுக்கு அவ்வினாவே விளங்கவில்லை. "மனு என்னாச்சுன்னு சொல்லணுமில்ல? அந்த ஆயா வாசல்லயே ஒக்காந்துனு இருக்கும், டீச்சர்" என்றாள். முதல் மனுவுக்கு விடை வரவில்லை. இரண்டாவதும் எழுதினாள். மூன்றாவதற்குப் பிறகே தொகை வந்தது. இலட்சியம் பேசிய மாணவியும் நன்றாகவே உழைத்தாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. குறை எம் அளவுகோலில் இருந்தது.

அந்நாளில் எம்மை யாமே ஒரு வினாக் கேட்டுக்கொண்டிருந்தால் அப்பெயரை அடித்திருக்க மாட்டோம். திட்டப் பொறுப்பை யாம் ஏற்றதன் காரணம் என்ன? ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு அருகில் மாறுதல் கேட்கும்பொழுது உதவும் என்று மூத்த ஆசிரியை ஒருவர் கூறியதே காரணம். அதற்கும் முன்பு, ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், சேரித் தெருக்களைக் கூட்டினோம். கிராமத்து முதியோர்க்கு எழுத்துக் கற்பித்தோம். அவற்றுக்கு மதிப்பெண் இருந்தது. அம்மதிப்பெண்ணை எண்ணியே கூட்டினோம். நாற்பது வயது கடந்த யாம் பயன் கருதி வந்துவிட்டு, பதினாறு வயதுப் பெண்ணிடம் பற்றற்ற உள்ளத்தை எதிர்பார்த்தோம்.

நம் சமயம் இதைப்பற்றி யாது கூறுகின்றது? சல்லியம் மூன்று என்பர் நம் முன்னோர். மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்பன அவை. இங்கு நிதானம் என்பது பேச்சு வழக்கில் பொறுமையைக் குறிக்கும் சொல்லன்று. நோற்ற அறத்துக்கு ஈடாக இன்பப் பயனை வேண்டி நிற்றலைக் குறிப்பது. சல்லியம் என்றால் முள். இம்முட்கள் நீங்கியவரையே விரதி எனக் கொள்கின்றது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம். ஆகவே சான்றிதழ் வேட்கை ஒரு முள்ளே என்பதை மறுக்கவில்லை. வினைப்பயன் பாவனையைப் பொறுத்தது என்னும் நம் கொள்கைக்கும் இதில் ஊறு இல்லை.

ஆனால் முள் தைத்தவர்க்கே அதன் இடம் தெரியும்; அதை எடுக்க வேண்டியவரும் அவரே. பிரதிக்கிரமணம் என்பது தன் குற்றத்தைத் தான் நோக்குவது. அடுத்தவர் குற்றத்தை நோக்குவதற்கு நம் சமயத்தில் அப்பெயர் இல்லை. நோக்கத் தூய்மை என்பது ஒருவர் தம்மைத் தாமே ஆராய்வதற்குரிய விளக்கு. பிறரை உள்ளே விடுவதா வேண்டாவா என்று பார்க்கும் சல்லடையாக அதனைப் பயன்படுத்தியதே எம் பிழை.

மேலும், பாவனை விண்ணப்பத் தாளில் எழுதி முடிந்துவிடும் பொருளன்று. அது மாறிக்கொண்டே இருப்பது. சான்றிதழுக்காக வந்தவள் ஒரு மூதாட்டியின் வாசலில் அதை மறந்தாள். வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் எதை மறந்திருப்பாள்? அனைவரும் அவ்வாறு மாறுவர் என்று யாம் கூறவில்லை. வருகைப் பதிவேட்டில் மணிக்கணக்கு நிறைந்ததும் திரும்பிப் பாராமல் சென்றவர்கள் எம் மாணவியரில் பலர். ஆயினும் அவர்கள் அள்ளிய மண் மீண்டும் வரத்துக்காலில் வந்து விழவில்லை. அவ்வாண்டு மழைநீர் அவ்வழியேதான் ஏரிக்குச் சென்றது. செய்தவர்க்குச் சேரும் புண்ணியம் ஒரு கணக்கு. பெற்றவர்க்குச் சேரும் நன்மை மற்றொரு கணக்கு. முதற்கணக்கு நம் பார்வைக்கு அப்பாற்பட்டது. இரண்டாம் கணக்கை நாம் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அதைப் பாராத தொண்டே உண்மையில் அஞ்சத்தக்கது. நிழற்படத்துக்காக ஒரு மரக்கன்றைப் பத்துப் பேர் பிடித்து நடுவர். மறுநாள் நீரூற்ற ஒருவரும் வாரார். அங்கே சான்றிதழ் குற்றமன்று. கன்று பிழைத்ததா என்று எவரும் கேளாமையே குற்றம்.

அவ்வாறாயின் மாணவர் பெறுவது யாது? மனு எழுதவும், அலுவலகத்தில் அஞ்சாமல் பேசவும், ஐம்பது பேருக்கு உலை வைக்கவும், செலவுக் கணக்கு எழுதவும் கற்கின்றனர். இவை சிறியன அல்ல. இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளைக்காக எல்லாரும் காத்திருக்கின்றனர். அவனை நம்பி எவரும் காத்திருப்பதில்லை. தன்னை நம்பி ஒருவர் வாசலில் அமர்ந்திருக்கின்றார் என்பதை ஒரு பிள்ளை முதன்முறையாக உணரும் நாளே அவன் வளரும் நாள். அதனை எந்தச் சான்றிதழிலும் எழுத இயலாது. நம் ஆகமங்கள் வையாவிருத்தியத்தை, அதாவது நோயுற்ற, முதிர்ந்த துறவியர்க்குச் செய்யும் பணிவிடையை, தியானம், சுவாத்தியாயம் ஆகியவற்றோடு அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்ததன் நுட்பமும் இதுவே என்று கருதுகின்றோம். பணிவிடை செய்யும் கை வெளியே தெரிகின்றது. மாற்றம் அகத்தே நிகழ்கின்றது.

"மாணவரிடம் பொருள் ஏது, தானம் செய்வதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இன்று ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தங்கி உழைக்கின்றன. மருந்துச் சீட்டில் உள்ளதைப் படித்து, எவ்வேளைக்கு எம்மாத்திரை என்று விளக்குவது ஔடத தானம். சூளையோரப் பிள்ளைக்கு எழுத்து அறிவிப்பது சாத்திர தானம். மொழி தெரியாமல் மருத்துவமனையில் மருண்டு நிற்பவருடன் வரிசையில் நிற்பது அபய தானம். காய்ச்சலில் கிடப்பவர் அறைக்குக் கஞ்சி கொண்டு செல்வது ஆகார தானம். நால்வகைத் தானத்துள் ஒன்றேனும் பொருள் மிகுதியாக வேண்டி நிற்கவில்லை. வேண்டுவன நேரமும் காலும் நாவுமே.

நம் பெற்றோர்க்குரிய தயக்கம் ஒன்று உண்டு. முகாமில் இரவு உணவு எவ்வாறு என்பதே அது. எம் முகாம்களில் ஒன்றில் நம் சமூகத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சமையற்கார அம்மையாரிடம் அவளே சென்று தன் வழக்கத்தைக் கூறினாள். "அதுக்கென்னம்மா" என்று அவர் விளக்கேற்றும் முன்பே நாளும் அவளுக்கு மட்டும் உணவு படைத்தார். ஏன் என்று வினவிய தோழியர்க்கு அவள் விடை கூற வேண்டியதாயிற்று. கூறுவதற்காகத் தன் நெறியை அவள் முதலில் தானே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் பழக்கமாக இருந்தது, முகாமில் விரதமாயிற்று.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் சான்றிதழுக்காகச் சேர விரும்பினாலும் தடுக்கவேண்டா. அதற்காக அவர்களை நாணச் செய்யவும் வேண்டா. அவர்கள் திரும்பி வரும்பொழுது, "என்ன கிடைத்தது?" என்று கேட்பதை விடுத்து, "உனக்காக அங்கே யார் காத்திருக்கின்றார்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை உடனே வாராது போகலாம். அவ்வினா அவர்கள் உள்ளத்தில் தங்கும். அடுத்த முறை செல்லும்பொழுது கண் தானே ஒரு வாசலைத் தேடும்.

எம் பழைய மாணவி செவிலியானாளா என்பதை யாம் அறியோம். அவள் பெயரை அடித்த கோடு மட்டும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எம் கண்முன் நிற்கின்றது. அம்முள்ளை எடுக்கும் முயற்சியே இக்கட்டுரை.

அறம் வளர்க!