உழுதுவிட்டுக் காத்திருங்கள்!

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். முப்பது பிள்ளைகள். அதில் ஒருத்திக்கு டீச்சர் சொல்வதில் பாதிதான் மனசில் நிற்கிறது. காது நன்றாகவே கேட்கிறது. வாக்கியம் கோக்கத்தான் வரவில்லை.

வட்டாரப் பேச்சுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து இடைசெவல்காரரான கி.ரா. 1982-லேயே கரிசல் பேச்சுக்கு அகராதி போட்டுவிட்டார். அது குறையே இல்லை. அந்த வீட்டுப் பேச்சிலேயே இவள் தடுமாறுகிறாள்.

இதன் பெயர் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. முப்பது பேர் வகுப்பில் சுமார் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்றது, 2016-ல் வந்த இங்கிலாந்து ஆய்வு. வளர்த்தவர்கள் மேல் தப்பில்லை. ஆனால், நாம் வைக்கிற பெயர்? ‘மக்கு!’ கொஞ்சம் இரக்கம் இருந்தால், ‘விடுங்க, தானா சரியாயிரும்.’

நான் பி.காம். வரவில்லாமல் செலவு எழுதத் தெரியாது. பேச்சில் வரவாகாத சொல்லைப் பரீட்சைத் தாளில் எப்படிச் செலவழிப்பாள்? இங்கிலாந்தின் நஃபீல்டு திட்டத்தில் இப்படித் தடுமாறும் நாலைந்து வயதுப் பிள்ளைகளைச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, 20 வாரம் புதுச் சொற்கள் பழக்கினார்கள். கதை சொல்ல வைத்தார்கள். பேச்சுத்திறன் கூடியது.

பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். ராத்திரி அதே கதையைத் திரும்பச் சொல்லுங்கள், அவளையும் சொல்லவிடுங்கள்.

காத்திருப்பது பொறுமைதானே என்பீர்கள். மழையை நம்பிப் பிழைக்கிற கரிசல் சம்சாரிகூட, கோடை உழவு போட்டுவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறார். உழாமலே பார்ப்பதற்குப் பெயர் பொறுமையா? நீங்களே சொல்லுங்க!