கொக்கி சொல்லாத பிறப்பிடம்

பழைய கண்ணாடி மாலை ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் கொக்கியைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதிலிருந்து நகைகளுக்கு ஒரு காலக்கணக்கு கிடைத்துவிட்டது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று பொறித்திருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

ஆனால் மாலை அறுந்துபோகும். நூல் நைந்தால் வேறு நூலில் கோர்ப்பார்கள், கொக்கி உடைந்தால் வேறு கொக்கி மாட்டுவார்கள். ஆகவே முத்திரை காட்டுவது கொக்கியின் வயதை மட்டுமே. பல நகைகளில் நாட்டின் பெயர் ஒரு காகிதத் துண்டில்தான் இருந்தது. முதல் நாளே அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பிறகு மணியைத்தான் கேட்க வேண்டும்.

உருப்பெருக்கியின் கீழே மணி நிறையவே சொல்லும். சுற்றிலும் மெல்லிய தழும்பாக ஒரு கோடு ஓடினால், அச்சின் இரண்டு பாதிகளும் சந்தித்த இடம் அது. பட்டைகளின் விளிம்புகள் லேசாக மழுங்கிப் பளபளத்தால், அனலில் காட்டி மெருகேற்றியிருக்கிறார்கள். கூர்மையாக இருந்தால், சக்கரத்தில் பட்டை தீட்டியது. துளையின் வாயோரம் தேய்ந்திருந்தால், அதன் வழியே நூல் நெடுங்காலம் உராய்ந்திருக்கிறது. மேற்பரப்பில் வானவில் போல நிறங்கள் ஓடும் ‘அரோரா பொரியாலிஸ்’ பூச்சு இருந்தால், அந்தக் கல் 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தியதல்ல.

இந்தத் தடயங்களைப் பின்தொடர்ந்தால் பல நேரங்களில் ஒரே மலைப்பகுதிக்குத்தான் போய்ச் சேருவோம். இன்றைய செக் நாட்டில், வடக்கு பொஹீமியாவில் யாப்லோனெட்ஸ் என்ற ஊர்; அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்களுக்கு அது காப்ளோன்ஸ். சுற்றுக் கிராமங்களில் வீட்டோரக் கொட்டகையில் ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடிக் கம்பியின் நுனியை நெருப்பில் இளக்கி, அச்சு பொருத்திய இடுக்கியால் அழுத்துவார். அச்சுக்குள் இருக்கும் ஊசி அதே அழுத்தலில் துளையும் போட்டுவிடும். தீட்டுவது இன்னொரு வீடு, கோர்ப்பது வேறொரு வீட்டின் பெண்கள். வியாபாரிகள் வாங்கி உலகெங்கும் அனுப்பினார்கள். இந்தியப் பெண்கள் அணிந்த கண்ணாடி வளையல்களும் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறின. இத்தனை பேர் கைபட்ட மணியில் ஒருவர் பெயரும் இல்லை.

படிகக் கற்களால் பெயர்பெற்ற டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பிறந்ததும் இதே மலைப்பகுதியின் கிராமம் ஒன்றில்தான். தன் பட்டை தீட்டும் இயந்திரத்தின் ரகசியம் போட்டியாளர்கள் கையில் சிக்கக் கூடாது என்று 1895-இல் டிரோல் மாநிலத்து வாட்டன்ஸுக்குப் போனார். அங்கே தீட்டிய கல் ‘ஆஸ்திரியா’ ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். எடுத்துப்போக விட்டது சில மூட்டைகளை. காப்ளோன்ஸ்காரர்கள் பலர் பவேரியாவில் காஃப்பாய்ரன் நகரை ஒட்டி, தகர்க்கப்பட்ட ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் இடிபாடுகளில் குடியேறினார்கள். தொழில் கையோடு வந்திருந்தது. அந்தக் குடியிருப்புக்கு நோய்காப்ளோன்ஸ், புதிய காப்ளோன்ஸ், என்று பெயர் வைத்தார்கள். அங்கே செய்த மணிகள் ‘மேற்கு ஜெர்மனி’ என்று விற்றன. பழைய ஊரில் அரசுடைமையான தொழில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்ற பெயரிலேயே தொடர்ந்தது.

மூன்று நாடுகளின் முத்திரைகள். மூன்றுக்கும் ஒரே வேர். ஒரு தாய் போருக்கு முன் யாப்லோனெட்ஸில் கோர்த்த மாலையும், அவள் மகள் போருக்குப் பின் காஃப்பாய்ரனில் கோர்த்த மாலையும் கடைக்காரர் மேசையில் இரண்டு நாட்டுப் பொருளாகக் கிடக்கலாம். மணிக்கு அந்த எல்லை தெரியாது. எல்லைகள் மனிதர்களைக் கடந்து இடம் மாறின. மனிதர்கள் எல்லைகளைக் கடந்து துரத்தப்பட்டார்கள். இடுக்கியை எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்ற அறிவு மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறப்பிடம் என்று நாம் தேடுவது அந்த அறிவைத்தான். கொக்கியில் இருப்பது ஓர் அரசு அந்த ஆண்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

முத்திரை இல்லாத மணியை ‘ஊர் பேர் தெரியாதது’ என்று கடைகளில் மலிவாக ஒதுக்கிவைக்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அச்சுக்கோடும் தேய்ந்த துளையும் சேர்ந்து சாட்சி சொல்லும்போது, விலைச்சீட்டில் நாட்டுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ‘காப்ளோன்ஸ் கைவேலை, போருக்கு முன்னோ பின்னோ’ என்று எழுதலாம்.