உண்பவர்க்கும் பங்குண்டோ?

ஒரு கொடுமை நிகழுமாயின், அதைத் தன் கையால் செய்தவனைப் பழிப்பது உலக வழக்கம். அவனுக்குக் கூலி கொடுத்தவனையும், அதன் பயனை நுகர்ந்தவனையும் எவரும் கேள்வி கேட்பதில்லை. இவ்வழக்கம் நீதியாகுமோ என்பதை ஓர் உணவு மேசையை முன்வைத்து ஆராய்வோம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ‘ஸ்டேக் ஹவுஸ்’ எனப்படும் உயர்தர உணவு விடுதிகள் உள. மாட்டிறைச்சியைக் கனத்த துண்டங்களாக அரிந்து, கடுந்தீயில் வாட்டிப் படைப்பது இவற்றின் சிறப்பு. மன்ஹாட்டனிலுள்ள கீன்ஸ் விடுதி 1885ஆம் ஆண்டிலும், புரூக்ளினிலுள்ள பீட்டர் லூகர் விடுதி 1887ஆம் ஆண்டிலும் தோன்றியவை. கீன்ஸ் விடுதியின் கூரையில் பழைய வாடிக்கையாளரின் களிமண் புகைக்குழாய்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தொங்குகின்றன. ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்த அவ்விடுதியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து, லில்லி லாங்ட்ரி என்னும் நடிகை 1905இல் வழக்குத் தொடுத்து வென்றார் என்று அவ்விடுதியின் வரலாறு கூறுகின்றது.

இத்தகைய விடுதிகளில் இறைச்சியை உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில் பல வாரம் வைத்துப் பதப்படுத்துவர். நீர் வற்றச் சுவை செறியும். கறுத்துக் காய்ந்த மேற்புறத்தை அரிந்து எறிந்துவிடுவர். தசையினூடே கொழுப்பு இழையோடும் அளவு முதலியவற்றை நோக்கி, அரசாங்கத் தர நிர்ணயத்தில் ‘பிரைம்’ என்னும் முதல்தரம் வழங்கப்படும். பரிமாறுபவர் இவற்றையெல்லாம் விருந்தினர்க்குப் பணிவுடன் விளக்குவார். எனினும் ஒரு செய்தி அம்மேசைக்கு வருவதில்லை. அம்மாட்டை வெட்டியவர் யார்? வெட்டிய இடத்தைக் கழுவியவர் யார்?

1906இல் அப்டன் சிங்க்ளேர் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவலில் சிகாகோ இறைச்சிக் கூடங்களைச் சித்திரித்தார். தொழிலாளர் துயரை உணர்த்துவதே அவர் நோக்கம். படித்தோரோ, தாம் உண்ணும் இறைச்சி தூயதோ என்றே பெரிதும் கலங்கினர். அவ்வாண்டே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் உண்பவரைக் காத்தது, அரிந்தவரைக் காக்கவில்லை.

இது பழங்கதையன்று. 2020இல் கொரோனா நோய் இறைச்சிக் கூடங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பற்றியது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, கூடங்கள் தொடர்ந்து இயங்குமாறு குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. 2023 பிப்ரவரியில், எட்டு மாநிலங்களின் 13 இறைச்சிக் கூடங்களில் 13 முதல் 17 வயது வரையுள்ள 102 சிறுவர் சிறுமியரைத் துப்புரவு வேலைக்கு அமர்த்திய ஒரு நிறுவனத்துக்கு 15 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இரவெல்லாம் எலும்பறுக்கும் வாள்களைக் கழுவிய பிள்ளைகள் அவர்கள். மேற்கூறிய விடுதிகளுக்கு அங்கிருந்து இறைச்சி வந்தது என்று நாம் கூறவில்லை. உண்பவர் கேட்பதில்லை என்றே கூறுகின்றோம்.

“நான் கொல்லவில்லை, கொன்றதைக் காணவில்லை, கேட்கவில்லை, எனக்கெனக் கொல்லப்பட்டதென ஐயுறவுமில்லை. ஆதலின் குற்றமற்றவன்” என ஒருவர் வாதிக்கலாம். விநயத்தில் இம்மூவகைத் தூய்மை கூறப்பட்டிருப்பது உண்மையே. ஆயின் அது, கலத்தில் இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு வகுத்த விதி. அவர் விலை கொடுப்பதில்லை. இன்னது வேண்டுமெனக் கேட்டுப் பெறுவதுமில்லை. விடுதியில் அமர்ந்தவரோ துண்டத்தையும், எடையையும், வேகும் பதத்தையும் தாமே கூறிப் பணம் தருகின்றார். மேலும், இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐவகை வாணிபங்களுள் இறைச்சி வாணிபமும் ஒன்று என்றார் பகவான். வாங்குவோரின்றி விற்போர் ஏது?

அவ்வாறாயின் மாட்டிறைச்சி உண்பவர் இழிந்தவரோ? ஒருகாலும் அன்று. 1913 முதல் 1916 வரை அந்நியூயார்க்கிலேயே பயின்ற பாபாசாகேப் அம்பேத்கர், மாட்டிறைச்சி உண்டதே தீண்டாமைக்கு ஒரு காரணமாயிற்று என்று 1948இல் வெளியிட்ட தம் நூலில் வாதித்தார். அங்கே செல்வரின் பெருமைக்கு அடையாளமாகும் உணவே, இங்கே ஏழையின் இழிவுக்கு அடையாளமாக்கப்பட்டது. இதனால் பெருமையும் இழிவும் உணவில் இல்லை என்பது விளங்கும். நாற்றம் இறைச்சியில் இல்லை, தீய ஒழுக்கத்தில் உள்ளது என்பதே ஆமகந்த சூத்திரத்தின் கருத்துமாகும். செருப்பை அணிந்தவன் உயர்ந்தோன், தோலை உரித்தவன் தாழ்ந்தோன் என்ற கொடிய கணக்கை அனுபவித்தவர் நாம். அக்கணக்கை வேறொரு நாட்டிலும் நாம் ஒப்புதல் தகாது.

பின் பங்கினை எங்ஙனம் அளப்பது? விருப்பத்தின் அளவே பங்கின் அளவு என்பது எமது முடிபு. வேறு பிழைப்பின்றிக் கத்தியை ஏந்தியவனுக்குப் பங்கு சிறிது. வாள் கழுவிய குழந்தைக்கோ பங்கே இல்லை. நூறு உணவுகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்து, விலை கொடுத்து, கேள்வி கேளாது உண்பவர்க்குப் பங்கு பெரிது.

புலால் மறுத்தல் நன்று. மறுக்க இயலாதவர் தம் பங்கையாவது மறுக்காதிருப்பாராக. இது எவர் உழைப்பால் வந்தது, அவர்க்குரிய கூலி கிடைத்ததா என வினவுக. கலத்தில் இட்டதை வீணாக்காதொழிக. கத்தி பிடித்த கையைத் தம் கைக்குச் சமமெனக் கொள்க. மரக்கறி உண்போர்க்கும் இது பொருந்தும். அவர் உண்ணும் சோற்றின் பின்னும் ஒரு கை நிற்கின்றது.