சுவரைத் தொட்டுப் பாருங்கள்

அல்லாஹுத்தஆலா தன் நிஃமத்துகளை நினைவூட்டும் நஹ்ல் அத்தியாயத்திலே, வீட்டை மனிதன் அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததையும் எடுத்துச் சொல்கிறான். அந்த வீடே ஒரு பிள்ளையின் மூச்சை அடைத்துவிட்டால்?

இங்கிலாந்தில், மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்றோர் ஊர். சூடான் நாட்டு முஸ்லிம் குடும்பமொன்று அங்கே வாடகை வீட்டில் இருந்தது. குளிர்தேசத்து வீட்டில் சூடு தங்காமலோ, காற்றுப் போக வழியில்லாமலோ இருந்தால், சமையலிலும் மூச்சிலும் எழும் ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்துவிடும். பிறகு பூசணம் படரும். 2017-லேயே வாப்பா முறையிட்டார். மேலே வர்ணம் பூசிக்கொள்ளும்படி பதில் வந்தது! 2020 டிசம்பரில் இரண்டு வயது மகன் அவாப் இஸ்ஹாக் மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பூசணக் காற்றை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவாயிற்று.

நெஞ்சைச் சுடும் செய்தி இன்னொன்று. இவர்கள் மார்க்க முறைப்படி குளிப்பதாலும் ஈரம் சேருகிறது என்று வீட்டை நிர்வகித்தவர்கள் எண்ணியிருந்தார்கள். அது தவறென்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

குளிரின் கொடுமையை நம் மார்க்கம் அறியாததா? தாத்துஸ் ஸலாஸில் போரின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிர் போய்விடுமென அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். காரணத்தைக் கேட்டறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் இது வருகிறது. குளிருக்காகக் கடமையான குளிப்பிலேயே சலுகை தந்த மார்க்கம் இது. பிள்ளை இருமும் வீட்டைச் சீர்செய்யாமல் வாடகையை எண்ணி வாங்குபவருக்கு ஏது சலுகை?

அவாபின் பெற்றோர் ஓயவில்லை. 2023-ல் அவர் பெயராலேயே சட்டவிதி வந்தது. 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில், உயிருக்கு ஆபத்தான பழுதை 24 மணி நேரத்தில் கவனித்தாக வேண்டும்.

பழுதைச் சீர்செய்வது உடைமையாளர் பொறுப்பு, செய்யாவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. ஆனால் ஏழை எங்கே வெளியேறுவான்? அவனுடைய மௌனத்தைப் பொருத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். வாடகை வீடுள்ள சகோதரர்களே, வக்ஃபு வீடுகளைப் பார்த்துவரும் முத்தவல்லிகளே! அடுத்த மாதம் வாசலில் நின்றே வாடகை வாங்கித் திரும்பாமல், ஸலாம் சொல்லி, அனுமதி பெற்று உள்ளே போய், பிள்ளைகள் படுக்கும் பக்கத்துச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.